ஒருவராலும் பிடிக்க முடியாத அலுவலகம்

கோட்டைகளின் பொற்காலம் முடிந்துவிட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதிவருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. பொற்காலம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை.

முன்பு அந்த அலுவலகம் கடைத்தெருவில் இருந்தது. அங்கே இரண்டு தொல்லைகள்: கரையான், பொதுமக்கள். கரையானுக்கு மருந்து இருந்தது. பொதுமக்களுக்கு என்ன செய்வது என்று ‘ஆவணப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு’ பதினோரு முறை கூடி யோசித்து, கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த நானூறு வருஷத்துக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. எந்தப் படையாலும் பிடிக்க முடியாத கோட்டை அது. அது நின்ற குன்றின் மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடியது. நான்காவது பக்கத்தில் பாறையை வெட்டி, எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் அகழியாக்கியிருந்தார்கள். பிறந்தவர்களும் இறந்தவர்களும் இனி பத்திரமாக இருப்பார்கள் என்று குழு அறிக்கை சொன்னது. நடுவில் இருப்பவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இந்த மாபெரும் அரணை எதிர்த்து ஒரு திங்கட்கிழமை காலையில் புறப்பட்டவர் குழாயக்கா.

வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் தொழில். கணவரிடம்தான் கற்றுக்கொண்டார். கற்ற இரண்டாவது வருஷத்திலேயே ஊரார் கணவரை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட ஆரம்பித்ததால், அவர் பெருந்தன்மையாக விலகிக்கொண்டு சைக்கிள் கடை வைத்துவிட்டார். ஒரே மகள். கப்பல் என்ஜின் படிப்பு படித்து, கப்பலில் வேலையும் வாங்கிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை துறைமுகத்தில் போய்ச் சேர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் தவிர. ‘மகள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மகன்’ என்று இருந்தது. காகிதத்தில் இருப்பவர் ஆண், எங்கள் முன்னால் நிற்பவர் பெண், இருவரில் யார் வருவது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்று கப்பல் கம்பெனி மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தது. கணினி வழியே திருத்தலாமா என்று பார்த்தார்கள். ‘திருத்தங்களுக்கு நேரில் வரவும்’ என்று கணினி சொன்னது.

முதல் படகு ஒன்பதரைக்குத்தான். ஆற்றில் இழுப்பு அதிகம்; அக்கரை சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து நானூற்றுப் பன்னிரண்டு படிகள். எதிரி ஓடிவந்தால் தடுக்கி விழட்டும் என்று ஒரு படியை முழங்கால் உயரத்துக்கும் அடுத்ததைச் சாண் உயரத்துக்கும் வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து நோக்கம் இந்தக் காலத்திலும் குறைவில்லாமல் நிறைவேறியது. குழாயக்கா இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தார்.

முதல் வாசலைத் தாண்டியதும் பாதை சடாரென்று வலப்பக்கம் திரும்பிச் சுவரில் போய் முட்டியது. யானை வேகமெடுத்து ஓடிவந்து கதவை இடிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு. அப்புறம் இரண்டாவது கதவு. யானையின் நெற்றி படும் உயரத்தில் இரும்பு முட்கள். ஒரு முள்ளில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை தொங்கியது, இன்னொன்றில் ‘இன்று மனு பெறப்பட மாட்டாது’. கதவுக்கு மேலே, பகைவர் தலையில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவதற்கான துவாரம். எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை மனிதாபிமான அடிப்படையில் நிறுத்திவிட்டார்கள். அதன் வழியாக இப்போது காவலாளியின் குரல் வந்தது.

“நாளைக்கு வாங்க.”

எண்ணெயே தேவலை என்று குழாயக்காவுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை, பிள்ளையின் தகப்பனாரும் வர வேண்டும் என்று துவாரம் சொன்னது. புதன்கிழமை தகப்பனாரும் வந்தார். அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு வழிகள். ஒன்றுக்கு மேல் ‘விசாரணை’ என்று எழுதியிருந்தது. குழாயக்கா மற்ற வழியில் போய்ப் பூட்டிய கம்பிக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். விசாரணை வழியில் போன கணவரைக் காணவில்லை. அது எதிரியை ஏமாற்றக் கட்டிய போலி வழி. இருட்டுப் படிகளில் சுற்றிச் சுற்றி இறக்கிக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். அரை மணி நேரம் கழித்துப் படகுத்துறையில், சட்டையெல்லாம் ஒட்டடையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு ஒத்துக்கணும்,” என்றார். “கட்டினவன் கெட்டிக்காரன்.”

அன்று வீட்டில் மகள் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள். போகாவிட்டால் என்ன, இங்கேயே உன்னோடு குழாய் வேலை பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் குழாயக்காவால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை அவருடைய போன் அடித்தது. கோட்டைக் காவலாளியேதான் பேசினார். பதிவாளர் அய்யாவின் அறையிலும் அதை ஒட்டிய கழிவறையிலும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் வேலைக்கு ஊரில் நீங்கள்தான் கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தயவுசெய்து உடனே வர வேண்டும். தனிப் படகு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

தனிப் படகு படகுத்துறைக்குப் போகவில்லை. குன்றின் பின்பக்கம் புதருக்குள் மறைந்திருந்த ஒரு சின்ன வாசலில் போய் நின்றது. முற்றுகைக் காலத்தில் தானியமும் ஆட்களும் ரகசியமாக உள்ளே போக வைத்த ஆற்றுவாசல். அங்கிருந்து மேலே முப்பத்தாறு படிகள், எல்லாம் ஒரே உயரம். காவலாளி குடை பிடித்தபடி வந்து பையை வாங்கிக்கொண்டார். மூன்று நாளும் மேலேயிருந்து உச்சந்தலையை மட்டுமே பார்த்திருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கான கட்டத்தில் ‘பழுது’ என்று எழுதி, கையெழுத்து வாங்கினார்.

கோளாறு பெரிதில்லை. பாறையைக் குடைந்து செய்த பழைய தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் அலுவலகத்துக்குக் குழாய் வந்தது. அதன் வால்வில் பாசியும் சருகும் அடைத்திருந்தன. ஐந்து நிமிஷத்தில் சுத்தம் செய்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. அதன் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நேராகப் பதிவாளரின் அறைக்குப் போனார்.

பதிவாளர் நல்ல மனிதர், மெல்லிய குரல். மூன்று வருஷமாகப் பொதுமக்களில் ஒருவரையும் பார்க்காததால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குழாயக்காவை உட்காரச் சொன்னார். கோட்டையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஆறு, அகழி, முட்கதவு, போலி வழி என்று ஒவ்வொன்றாகப் பெருமையோடு விளக்கினார். தான் கட்டியது மாதிரியே பேசினார்.

“அப்ப இத யாருமே பிடிக்கலையா?”

“பிடிக்கல. ஒரே ஒரு தடவ உள்ள இருந்தவங்களே கதவத் திறந்து விட்டாங்க. தொட்டியில தண்ணி தீந்துபோச்சு. அப்பவும் பதினோரு நாள் தாங்குனாங்க.”

குழாயக்கா வால்வின் கைப்பிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நீங்க எவ்வளவு நேரம் தாங்குவீங்க?”

காலையிலிருந்து மூன்று டம்ளர் தேநீர் குடித்திருந்த பதிவாளர் கைப்பிடியைப் பார்த்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பிறகு நிலைமையை வரலாற்று நோக்கில் புரிந்துகொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். குழாயக்கா சொன்னார். பதிவேடு வந்தது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம். நீல மையில், சரிவான கையெழுத்தில் மகள் பிறந்த நேரம், எடை, தாயின் பெயர். தன்னுடைய முழுப் பெயரைக் குழாயக்கா வெகு நாளைக்குப் பிறகு பார்த்தார். அன்று மழை பெய்தது, பிள்ளை அழ நேரமானது, நர்சம்மா பாதத்தில் தட்டியதும் ஆஸ்பத்திரியே அதிர அழுதது. அதெல்லாம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு ‘ன்’ மட்டும் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

பதிவாளரும் பார்த்தார். தப்புதான் என்றார். ஆனால் திருத்தம் கேட்பவர் நேரில் வர வேண்டுமே என்று வருத்தப்பட்டார்.

“நேர்லதானே உக்காந்திருக்கேன்.”

“நீங்க பழுது பார்க்க வந்தவங்கம்மா. கேட் புக்ல அப்படித்தான் இருக்கு. மனு முன்வாசல் வழியாத்தான் வரணும்.”

குழாயக்கா கொஞ்சம் யோசித்தார். “சரி, பழுதுன்னே வெச்சுக்குங்க. உங்க ரெஜிஸ்டர்ல ஒரு எழுத்து பழுதாயிருக்கு. அதையும் பாத்துட்டுப் போறேன்.”

இப்படி ஒரு வழி இருப்பது பதிவாளருக்கு அதுவரை தெரியாது. விதிகளில் எங்கும் தடையில்லை. ‘பராமரிப்புப் பணிகள்: வால்வு ஒன்று, எழுத்து ஒன்று’ என்று எழுதினார். ‘ன்’ மேல் கோடு போட்டு, ‘ள்’ எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திப் புதிய சான்றிதழைக் கொடுத்தார். அரசு ஊழியர் ஒருவர் இவ்வளவு விரைவாக வேலை செய்ததற்கு வேறு சான்று கிடையாது. குழாயக்கா போய் வால்வைத் திறந்தார். பதிவாளர் நன்றி சொல்ல நிற்கவில்லை. கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

வீட்டில் மகள் சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து பெட்டி கட்டினார்கள். திங்கட்கிழமை கப்பல் ஏறினாள்.

அலுவலகத்தின் ஆண்டறிக்கை சில மாதம் கழித்து வெளியானது. குன்றுக்கு இடம் மாறிய நாளிலிருந்து, பதிவேடுகளில் பிழை இருப்பதாகப் பொதுமக்களில் ஒருவர்கூட நேரில் வந்து சொல்லவில்லை. ஆகவே பிழை இல்லை என்று அதில் இருந்தது. முற்றிலும் உண்மை, குழாயக்கா பழுதாகத்தானே வந்து போனார். பதிவாளருக்கு விருது கொடுத்து, உயர்நிலைக் குழுவின் தலைவராக்கினார்கள். மற்ற அலுவலகங்களுக்கும் கோட்டை தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் பொது மருத்துவமனை.

அதற்கும் குழாய் போடக் குழாயக்காவைத்தான் கூப்பிட்டார்கள். ஆற்றின் நடுவே செங்குத்தான பாறை, உச்சியில் கோட்டை. வரைபடத்தை விரித்து வெகு நேரம் பார்த்தார். அறைகள், கட்டில்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. நோயாளிகள் எந்தப் பக்கமாக வருவார்கள் என்று கேட்டார்.

அது அடுத்த கட்டத் திட்டத்தில் வருகிறது என்றார் தலைவர். ஆனால் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட இறக்கப்போவதில்லை என்று குழு இப்போதே உறுதி கொடுத்துவிட்டது.