கருநாகம் மீண்டும் பணிக்குத் திரும்பிய கதை

முப்பது வருஷத்துக்கு முன்னால் தொடர்நாடகம் ஒன்றில் மலையுச்சியிலிருந்து விழுந்த 'கருநாகம்' என்ற வில்லனை, மக்கள் நலன் கருதி மீண்டும் உயிர்ப்பிப்பது என்று தொலைக்காட்சி நிலையத்தின் மேலிடம் முடிவெடுத்தது. புதுக் கதை யோசிப்பதைவிடச் செத்தவனை எழுப்புவது சுலபம் என்று நிபுணர் குழு கண்டறிந்திருந்தது. எங்கும் இப்போது அதுதான் மோஸ்தர்.

கருநாகமாக நடித்தவருக்கு ஊரில் இன்றும் அதுதான் பெயர். நாடகத்தில் கதாநாயகிக்குப் பாலில் விஷம் கலந்த நாள்முதல் சொந்த மாமியாரே அவர் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பஸ்ஸில் திட்டு, கடையில் சாபம். நடிகனுக்கு வேறென்ன விருது வேண்டும்? ஆனால் திட்டியவர்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது. போன மாசம் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து அவருக்கு இடமே கொடுத்துவிட்டாள். மனுஷன் அன்று சாப்பிடவில்லை. அதனால் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும் மீசைக்கு மை தடவிக்கொண்டு ஓடினார்.

"மலையிலேர்ந்து விழுந்தவன் எப்படி சார் பிழைச்சேன்?"

"விழுந்ததைத்தான் காட்டினோம், செத்ததைக் காட்டலை. விதிப்படி நீங்க இத்தனை நாளும் நீண்ட விடுப்பில் இருந்தீங்க" என்றார் நிலையத் தலைவர்.

"அப்ப முதல் காட்சியில பாலில் விஷமா?"

"ஐயையோ! பால்காரங்க சங்கம் சண்டைக்கு வரும்."

"வீட்டுக்குத் தீ?"

"தீயணைப்புத் துறை மனசு புண்படும்."

"ஒரு அறையாவது விடறேனே!"

"வன்முறை."

"முறைக்கலாமில்ல?"

முழங்காலில் கிழித்துத் தைத்த பேண்ட் போட்ட ஆலோசகர் குறுக்கிட்டார். "முறைப்பெல்லாம் பழைய ஸ்டைல். இப்ப வில்லன் சிரிக்கணும்."

இவ்வாறாகப் பல் பிடுங்கப்பட்ட கருநாகம் அரசு அலுவலக மேஜை ஒன்றுக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டது. தலை நரைத்த கதாநாயகி வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு வருவாள். இவர் புன்னகையோடு சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "பார்க்கலாம்மா, அடுத்த வாரம் வாங்க."

"இதெல்லாம் ஒரு வில்லத்தனமா? அந்த மலையிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று மனைவியிடம் புலம்பினார்.

ஒளிபரப்பான அன்று ஊரே குலைநடுங்கியது. நாலாவது 'அடுத்த வாரம் வாங்க'வில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாற்காலியைத் தூக்கித் தொலைக்காட்சிமேல் எறிந்தார். நிலையத் தலைவரோ, "என்ன கனிவு! என்ன பொறுமை!" என்று கண்கலங்கி, நாடகத்தை எல்லா அலுவலகங்களுக்கும் பயிற்சிப் பாடமாக்கச் சிபாரிசு செய்தார்.

மறுநாள் காலை கருநாகத்தின் வாசலில் பெருங்கூட்டம். கல்லெறியத்தான் வந்திருக்கிறார்கள்! அவருக்கு நெஞ்சு விம்மியது. மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

முன்னால் நின்றவர், "உங்களை மாதிரி பாவிங்களாலதான் நாடே நாசமாப் போச்சு!" என்றார்.

"நல்லாச் சொல்லுங்க!" கருநாகத்தின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

வந்தவர் சட்டென்று கைகூப்பினார். "அதான் ஒரு வேண்டுகோள், ஐயா. எங்க பையனுக்கு அந்த மாதிரி ஒரு சர்க்கார் நாற்காலி கிடைக்க நீங்கதான் மனசு வைக்கணும்."

"எங்க பொண்ணுக்கும்!" என்றது கூட்டம்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது:

"முதல்ல நம்ம மாப்பிள்ளைக்கு முடிங்க. அப்புறம் ஊருக்குப் பார்க்கலாம்!"