நிரலுக்குப் போட்ட பிள்ளையார் சுழி

உதவி செய்ய வருகிறவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. என்னைக் கேட்டால் கொஞ்சம் பயப்படலாம், பிள்ளைகளே. நான் செய்த ஓர் உதவியால் பல ஊர்களில் ரிக்கு வண்டிகள் நின்றுபோயின. (ராகுகாலம் கழித்துத்தான் தொடங்கினேன்.)

உங்கள் அப்பா பத்தாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டி ஆபீசில் வேலை. எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை வந்தது, மண் சரியாமலிருக்க எவ்வளவு கேசிங் பைப் இறக்கினார்கள் என்று காட்டும் செயலி ஒன்றைச் சிலர் சேர்ந்து இலவசமாக எழுதியிருந்தார்கள். அதன் நிரல் இணையத்தில் திறந்தே கிடக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம், சேலத்தில் கல்லூரி ஆசிரியை. செயலியின் தமிழை வண்டிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நான் மாற்றிக் கொடுத்திருந்ததால், என்னை நம்பி, நேரடியாகவே திருத்தும் அனுமதியும் கொடுத்திருந்தார். (அந்தம்மா செய்த ஒரே தப்பு அதுதான்.)

ரிக்கு ஓட்டும் உங்கள் செந்தில் மாமன் ஒருநாள் குறைப்பட்டான். "மாமா, செயலில கணக்குக் காட்டற பட்டன் எள்ளாட்டம் இருக்குதுங்க. சேத்துக் கையில அமுக்குனா பக்கத்துல இருக்கறது அமுங்குது."

பட்டனைப் பெரிதாக்கினேன். அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

ஆனால் ஆபீசை ஒட்டிய எங்கள் பட்டறைப் பழக்கம் வேறு. கம்ப்ரசரை ஒரு வேலைக்குத் திறந்தால், திறந்தது திறந்தாச்சு என்று மிச்சத்தையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவோம். லூசான நட்டை முறுக்க யாரிடம் போய்க் கேட்பது? பச்சை நிறம் பிடிக்கவில்லை, மஞ்சளாக்கினேன். அப்போதுதான் பெரிய குறை கண்ணில் பட்டது. இத்தனை கோப்புகள், ஒன்றில்கூடப் பிள்ளையார் சுழி இல்லை. நானோ மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிறவன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'உ' என்று அடித்தேன். என்ன மாற்றினாய் என்று ஒரு கட்டம் கேட்டது. 'சில்லறை வேலை' என்று எழுதி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சேர்த்துவிட்டேன். சேர்த்ததும் எல்லோர் போனிலும் அதுதான் ஓடும். ஓட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையாரே இருக்கும்போது சோதனை எதற்கு?

சற்று நேரத்தில் வாழப்பாடியிலிருந்து செந்தில் கூப்பிட்டான்.

"மாமா, செயலி தொறக்க மாட்டீங்குதுங்க. வெள்ளையா நிக்குது."

"சிக்னல் இருக்காதுடா."

"இப்பப் பேசறது என்ன, சிக்னல் இல்லாமயாங்க?"

அவன் நின்றது ஒரு பாக்குத் தோட்டத்தில். மரமெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டங்களில் எவ்வளவு கேசிங் இறக்கினார்கள் என்று தெரியாமல் இறக்கி, அது குறைந்துபோனால், மண் சரிந்து குழியே மூடிக்கொள்ளும். தோட்டக்காரர் குரலும் போனில் கேட்டது. "தண்ணி வருமா வராதான்னு அந்தாளக் கேட்டுச் சொல்லுப்பா."

என் கணினியிலும் வெள்ளைதான். அதற்குள் செயலிக்காரர்களின் அரட்டைக் குழுவில் வெளிமாநிலத்துத் தன்னார்வலர் ஒருவர், எனக்கே புரிகிற ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், எல்லாக் கோப்பிலும் ஒரே மர்மக் குறி, யாரும் எதையும் தொடாதீர்கள்.

(எந்தப் பாவியோ, நான் சுழி போட்ட அன்றைக்கே புகுந்துவிட்டானே.) ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், திருடன் பூந்துட்டானுங்க."

"பார்த்துட்டுதான் இருக்கேண்ணா. திருடன் பேருன்னு உங்க பேருதான் இருக்கு."

திரையில் எட்டிப் பார்த்தேன், என் பெயரேதான்.

"அந்த 'உ' நீங்க போட்டதா?"

"ஆமாங்க மேடம். பிள்ளையார் சுழிங்க."

"அது பிள்ளையார்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதேண்ணா. இது என்ன கட்டளைன்னு புரியாம நின்னுபோச்சு."

மூட்டையை மொத்தமாகத் திருப்பி எடுத்தார். செயலி உயிர்பெற்றது. செந்தில் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கைப் பார்த்துக் கேசிங் இறக்கினான். மறுநாள் விடிவதற்குள் கூப்பிட்டுவிட்டான். "தண்ணி பீச்சுதுங்க மாமா. பட்டன் மட்டும் மறுபடியும் எள்ளாயிருச்சுங்க." ஒரே மூட்டை அல்லவா, நல்லதும் சேர்ந்தே போய்விட்டது.

மேடம் திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலாம்.) "அடுத்த தடவை என்ன செய்யப் போறீங்கன்னு முன்னாடியே குழுவில ஒரு வரி போடுங்கண்ணா. தனியா ஒரு காப்பி எடுத்து, அதுல மாத்தி, ஓட்டிப் பாருங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. ஏன் மாத்தினீங்கன்னு எழுதுங்க. இன்னொருத்தர் பார்த்து சரின்னு சொன்னாத்தான் சேர்க்கணும்."

"உங்களுதையுமாங்க மேடம் பாக்கறாங்க?"

"போன வாரம் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கண்ணா."

அதன்படியே பட்டனை மட்டும் திரும்பச் செய்தேன். இன்னும் இருக்கிறது. புதிதாக வருவோருக்கான விதிகளில், 'கோப்பின் தலையில் மங்கலக் குறி எதுவும் இட வேண்டாம்' என்று ஒரு வரியும் ஏறிவிட்டது. வெளிமாநிலத்தார் அதைப் படித்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்கிறார்களாம்.

நம் வீட்டில் நடப்பது உங்களுக்கே தெரியுமே. நேற்று மிக்சி நின்றதும் திருப்புளியை எடுத்தேன். உங்கள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"ஏனுங்க, மொதல்ல மிக்சிய ஒரு காப்பி எடுத்துட்டு அதுல கை வையுங்க."

நீங்கள் புரண்டு புரண்டு சிரித்தீர்கள். மிக்சி அப்படியேதான் கிடக்கிறது. என் வேலையைப் பார்த்துச் சரி என்று சொல்ல இந்த வீட்டில் இன்னும் ஆள் வரவில்லை.