மேடம் லிம் போட்ட முடிச்சு

சொன்னதை அப்படியே செய்கிறவர்களால்தான் உலகத்தில் பாதி விபத்துகள் நடக்கின்றன. மீதிப் பாதி, சொல்லாததையும் சேர்த்துச் செய்கிறவர்களால். எனக்கு இரண்டு அணியிலும் இடம் உண்டு.

எண்பதுகளின் கடைசியில், கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். பக்கவாதம் வந்தவர்களுக்கும் கைகால் அடிபட்டவர்களுக்கும் சட்டைப் பித்தான் போடுவது, சோறு பிசைவது, பல் தேய்ப்பது போன்றவற்றை மறுபடி பழக்கிவிடும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் அக்கம்பக்கத்தாருக்கு இதை விளக்கி விளக்கி ஓய்ந்துபோன அம்மா, கடைசியில் "டாக்டருக்குக் கொஞ்சம் கீழே, நர்ஸுக்குக் கொஞ்சம் பக்கத்துலே" என்று முடித்துக்கொண்டார். (கேட்க வீட்டு முகவரி மாதிரி இருந்தாலும், இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.)

எங்கள் பயிற்சியாசிரியை மேடம் லிம். நோயாளியின் கஷ்டத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோருடைய வலது கையையும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி, தோளில் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை காலைவரை இடது கையால்தான் வாழ வேண்டும். செய்த வேலைகளைப் பார்த்தவர் ஒருவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முடிச்சு அவிழ்ந்திருந்தால், அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு மறுபடி படிக்கலாம்.

"யாரை முதலில் கட்டலாம்?" என்றதும் துள்ளிக்கொண்டு போய் நின்றவள் நான். எல்லோரையும் கட்டி முடித்த பிறகு, "இந்த வாரக் கடைசியில் யார் வீட்டிலாவது விசேஷம் இருந்தால் கையைத் தூக்குங்கள், வேறு நாள் தருகிறேன்" என்றார். நான் தூக்கப் பார்த்தேன். கை கட்டியிருந்தது. (எனக்கு இன்னொரு கை இருக்கிறது என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் என் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம்.

சேகர் அண்ணனுக்கு வயது முப்பத்திரண்டு. ஐந்து வீடுகளில் பெண் பார்த்துக் காப்பி குடித்து, ஐந்தும் தட்டிப்போனவர். ஆறாவதாக மாலதி அமைந்ததும் முதல் தடவையாகக் குளியலறையில் பாடினார். "இதுவும் கெட்டா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று அறிக்கையும் விட்டிருந்தார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டிய பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். அண்ணனுக்கு இருந்தது ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு அன்றைக்கு இருந்தது ஒரே கை, அதுவும் இடது.

"கழட்டுடி" என்றார் அம்மா.

"ஃபெயில் ஆயிடுவேன்மா."

"அண்ணன் கல்யாணம் ஃபெயில் ஆனா பரவாயில்லையா?"

"படிப்புக்காகக் கட்டியிருக்குன்னு சொல்லிடலாமே?"

"நல்லா இருக்கிற கையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு சொன்னா, குடும்பத்துலயே ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க. நீ வாயைத் திறக்காதே. நான் பார்த்துக்கிறேன்."

ரவிக்கையின் வலப்பக்கத்தைப் பிரித்து, கட்டைச் சுற்றிப் பதினொரு ஊக்குகள் குத்தி, மேலே சேலையை இழுத்துப் போர்த்திவிட்டார். கிள்ளான் வெயிலில், குளிரடிக்கும் கேமரன் மலைக்குப் புறப்பட்டவள் மாதிரி போய் இறங்கினேன்.

கூடம் நிறைய ஆட்கள். நடுவே பட்டுச்சேலையில் மாலதி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். குங்குமச் சிமிழை எடுத்தேன், இடது கையால்.

"ஏம்மா, வலது கைக்கு என்ன?" என்றார் பெண்ணின் அம்மா.

"பாத்ரூம்லே வழுக்கி விழுந்துட்டா" என்றார் என் அம்மா.

"மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்துட்டா" என்றார் அப்பா, அதே நேரத்தில், ஆண்கள் பக்கமிருந்து.

ஒரே கை ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் விழுந்திருந்தது. பெண் வீட்டார் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் மாலதியின் சித்தப்பா எழுந்தார். தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்தவர். எலும்பு என்ற வார்த்தை எங்கே கேட்டாலும் சட்டைக் கையை மடித்துவிடுகிறவர்.

"எங்க காட்டு. இது என்ன கட்டு லா? தீபாவளிப் பார்சல் மாதிரி! முப்பது வருசமா கட்டுப் போட்டவன் நான். அவுத்துட்டு நல்லதாப் போடுறேன்."

"வேணாம் அங்கிள்."

"பயப்படாதேம்மா, வலிக்காது."

"வலிக்கவே இல்ல அங்கிள்!"

"வலிக்கலையா? அப்போ நரம்பே போயிருக்கும்!"

அவர் விரல்கள் முடிச்சைத் தொட்டன. நான் அலறினேன்: "தொடாதீங்க! மேடம் கையெழுத்து இருக்கு! படிப்புக்குக் கட்டினது, கையிலே ஒண்ணுமே இல்ல!"

அலறியதோடு நிற்காமல் எழுந்தும் விட்டேன். தட்டு கவிழ்ந்தது. சிமிழ் பறந்தது. பாதிக் குங்குமம் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழ, சிமிழ் தரையில் விழுமுன், பேட்மிண்டன் ஆட்டக்காரி வலையோரம் பாய்வதுபோல் ஒரு கை பாய்ந்து பிடித்தது.

மாலதியின் கை. இடது கை.

"அடியே, அந்தக் கையா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார் அவர் அம்மா. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

என் அம்மாவுக்கு அது போதும். "ஓ, பொண்ணு பீச்சாங்கையா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க மட்டும்? நல்ல கையைக் கட்டிவிட்டுக் கூட்டியாந்திருக்கீங்க!"

அண்ணனைப் பார்த்தேன். ஆறாவது காப்பியும் ஆறிக்கொண்டிருந்த முகம். அவர் வாழ்க்கையை நான் ஒரு மதிப்பெண் படிவத்துக்கு விற்றுவிட்டேன் என்று தோன்றியது. "அண்ணே, அவுத்துடறேன்" என்று முடிச்சில் கை வைத்தேன்.

"அவுக்காதே வசந்தி" என்றது ஒரு குரல். மாலதியின் குரல். "படிப்புக்குத்தானே? உட்காரு. பூச்சரத்தை நீ பிடி, நான் கொண்டை ஊசி குத்திக்கிறேன். கட்டை விரலை மடக்காதே. அப்படித்தான். மெதுவா."

மிச்சமிருந்த குங்குமத்தில் பொட்டு வைத்தேன். புருவத்துக்கு மேல் தொடங்கி மூக்கில் முடிந்தது. இரண்டு இடது கைகளும் சேர்ந்து பூவை எப்படியோ தலையில் நிறுத்தின. முதலில் சிரித்தவர் அண்ணன். அந்த வீட்டில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தார்கள்.

சித்தப்பா சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உங்க பக்கம் ரெண்டு பொய், எங்க பக்கம் ஒண்ணு. போனாப் போவுது, சம்பந்திக்கு விட்டுக் கொடுக்கிறோம். தட்டை மாத்துங்க லா!"

மாற்றினார்கள். (வலது கையால்தான். அதில் இரு தரப்பும் உறுதி.)

படிவத்தில் சாட்சியாக எழுதியவரும் சித்தப்பாதான். 'பொட்டு: வைக்கவில்லை, எறிந்தார். பூ: மணப்பெண் சொல்லிக்கொடுத்து. நோயாளியின் ஒத்துழைப்பு: கூச்சல்.' திங்கட்கிழமை மேடம் லிம் இதை வகுப்பில் உரக்கப் படித்தார், முடிச்சைச் சரிபார்த்தார், தேர்ச்சி என்று எழுதினார். பிறகு, பூ வைக்கச் சொல்லிக்கொடுத்த பெண் பயிற்சியில் சேர விரும்புவாரா என்று கேட்டார்.

அண்ணிக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் இடது கை. அது பிறவியிலேயே வருவது, அண்ணியே அப்படித்தானே என்று இத்தனை வருடமாக விளக்கி வருகிறேன். இதற்காகவே படித்தவள், சான்றிதழ்கூட இருக்கிறது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வந்திருக்கும் விருந்தாளியிடம் திரும்பி என்னைக் காட்டுவார்.

"அதெல்லாம் சரி. அன்னைக்குப் பூ வெச்சது எந்தக் கைன்னு இவளையே கேளுங்க."