ஏன்னா மாமா எனக்கு ஓட்டுக் கேட்ட கதை

ஒரு மனிதனைத் தேர்தலில் மண்ணைக் கவ்வ வைக்க எதிரி தேவையில்லை, பண பலம் தேவையில்லை, பொய்ப் பிரசாரமும் தேவையில்லை. ஏன்னா மாமாவை அவனுக்கு ஆதரவாகப் பேச விட்டால் போதும். அனுபவஸ்தன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடி அடுக்ககத்தின் பெயரில் காவிரி இருக்கிறது, குழாயில்தான் இருக்காது. அதன் மூன்றாவது மாடியில் இருப்பவர் ஏன்னா மாமா. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் அதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லாமல் அவரால் வாயை மூட முடியாது. "காபி ஆச்சா மாமா?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தொலைந்தோம். "ஆகலே. ஏன்னா, பால் திரிஞ்சுபோச்சு. ஏன்னா, ஃப்ரிட்ஜ் கதவு சரியாச் சாத்திக்கலே. ஏன்னா, உள்ளே பூசணிக்காய் இடிச்சுண்டிருந்தது" என்று பூசணிக்காய் வரைக்கும் போய்த்தான் நிற்பார். வாசலுக்கே காய்கறி வண்டி வந்தாலும் வெண்டைக்காய்க்கு மட்டும் பஸ் ஏறிக் காந்தி மார்க்கெட் போவார். "ஏன்னா, அங்கேதான் திட்டாம நுனியை ஒடிச்சுப் பார்க்க விடறா."

இதில் இன்னொரு சிக்கல், மாமி அவரைக் கூப்பிடுவதும் அதே வார்த்தையில்தான். மேலே பால்கனியிலிருந்து "ஏன்னா!" என்று குரல் வரும். கீழேயிருந்து இவர், "ஏன்னா, பஸ் லேட்டு!" என்பார். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல், புதிதாக வந்த வாட்ச்மேன் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மாமியை நான் நேரில் பார்த்ததில்லை. நான் குடிவந்த வாரமே லிஃப்ட் படுத்துவிட்டது. மாமிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. படியில் காலே வைக்கக் கூடாதென்று புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சந்நிதிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு வருஷமாக மூன்றாவது மாடியை விட்டு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த மாமி என்பது ஒரு குரலும், கயிற்றில் இறங்கி வந்து கீரைக்கட்டோடு மேலே போகும் ஒரு பச்சை வாளியும்தான்.

லிஃப்டைச் சரி செய்ய வேண்டியவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். அவர் குடியிருப்பது தரைத்தளத்தில். படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு படம் போடுவார். சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து இதுவரை யாரும் நின்றதில்லை. இந்தத் தடவை நான் நின்றேன்.

லிஃப்டுக்காக நின்றேன் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். நான் உப்பிலியபுரத்துக்காரன். எங்கள் பக்கத்தில் 'பிரசிடெண்ட்' என்றால் பஞ்சாயத்துத் தலைவர். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். நான் ரிட்டையர் ஆன பிறகு, என்னைப் பார்த்து எழுந்திருப்பது எங்கள் வீட்டுப் பூனை மட்டும்தான். அதுவும் நான் அதன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன் என்ற பயத்தில். நம்மையும் நாலு பேர் 'பிரசிடெண்ட் சார்' என்று கூப்பிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

சங்க விதிப்படி வேட்பாளருக்காக ஒருவர் எழுந்து பேச வேண்டும். மாமாவைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. எங்கள் அடுக்ககத்துப் பையன் ஒருவனைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் வந்தபோது, "தங்கமான பிள்ளை. தைரியமாப் பொண்ணைக் குடுக்கலாம். ஏன்னா, கோபம் வந்தா சாமானைத்தான் உடைப்பான், மனுஷாளை ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று சர்டிபிகேட் கொடுத்தவர் அவர். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். இதெல்லாம் தெரிந்தும் அவரைப் போய்க் கேட்டேன் என்றால், என் பதவி ஆசை எந்த மட்டில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேஷாப் பேசறேன் சார்! உங்களை ஆதரிக்க எங்கிட்டே எத்தனையோ காரணம் இருக்கு" என்றார் மாமா. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். மறுநாள் இரண்டாவது மாடி அம்மா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். விசாரித்தால், மாமா அவரிடம் சொன்னாராம்: "அவருக்கே ஓட்டுப் போடுங்கோ. சங்கப் பணத்துல கை வைக்கவே மாட்டார். ஏன்னா, அவருக்குக் கணக்கு வராது. திருடறதுக்குக் கணக்குத் தெரியணுமோல்லியோ?" எங்கள் எதிர்வீட்டில் வேறு காரணம்: "யார் என்ன சொன்னாலும் தலையாட்டிண்டு கேட்டுப்பார். ஏன்னா, அவராத்துல அவருக்கு அதுதானே பழக்கம்?"

என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, அந்தப் பெரியவருக்கு எல்லாம் கரெக்டாத் தெரிஞ்சிருக்கே!" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மாமாவைப் படிக்கட்டில் மடக்கிப் பிடித்தேன். "என்ன மாமா, இப்படி மானத்தை வாங்குறீங்க?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே சார்?"

"அதானே பிரச்சனை! என் கதையை விடுங்க. மாமி ஒரு வருஷமாக் கீழ இறங்க முடியாம இருக்காங்களே, அதைச் சொல்லுங்க. கேக்கறவங்க கண்ணுல தண்ணி வந்துடும். அத்தனை ஓட்டும் நமக்குத்தான்."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "அதைச் சொல்ல மாட்டேன். ஏன்னா, அது அவ முழங்கால். என் முழங்காலா இருந்தா சொல்லியிருப்பேன்."

அப்படியானால் என் மானத்தை மட்டும் யாரைக் கேட்டுச் சந்தி சிரிக்க வைத்தீர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். தலைவர் வாடகை மைக்கில் கணீரென்று பேசி உட்கார்ந்தார். அப்புறம் மாமா எழுந்தார். நான் பெருமாளை நினைத்துக்கொண்டேன்.

"நம்ம உப்பிலியபுரத்தார்தான் தலைவரா வரணும். ஏன்னா, அன்னிக்கு லிஃப்ட் நின்னப்போ உள்ளே மாட்டிண்டவர் இவர்தான். நானும் கூட இருந்தேன். என் கையைக் கெட்டியாப் பிடிச்சுண்டு 'அம்மா, அம்மா'ன்னு என்னமா அலறினார் தெரியுமோ? இப்பவும் கனவுல இவருக்கு அந்த லிஃப்ட்தான் வரதாம். அப்பேர்ப்பட்டவர் அதைச் சரிபண்ணாம விடுவாரோ? தைரியசாலியைப் போட்டா அவன் பாட்டுக்குப் படியேறிப் போயிடுவான் சார்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கையும் மாமாவின் இரண்டு கைகளும். "ரெண்டு கை செல்லாது மாமா" என்றார் யாரோ. "ஏன் செல்லாது? இது ஆத்துக்காரியோட கை. ஏன்னா, அவ மேலே இருக்கா" என்றார் மாமா. என் மனைவியின் கை அவள் மடியிலேயே இருந்தது. முறைத்தேன். "நீங்க பிரசிடெண்ட் ஆனா விடிகாலையில எல்லாருக்கும் தண்ணி மோட்டார் போட நான்தானே எந்திரிக்கணும்?" என்றாள் சாவதானமாக.

தோற்றவன் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். எழுந்தபோது மாமாவைப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் தோற்றுப்போனவராக உட்கார்ந்திருந்தார். தன் கையை இறக்கிவிட்டார். மாமிக்காகத் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. டீக்கடை பெஞ்சும் பிரசிடெண்டும் எங்கேயோ போய்விட்டன. மாமியின் கஷ்டத்தைச் சொல்லிவிடலாமா என்று நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அது மாமியின் முழங்கால்.

"தலைவருக்கு வாழ்த்துகள்" என்றேன். "லிஃப்டை மட்டும் சீக்கிரம் சரி பண்ணிடுங்க. ஏன்னா, எனக்கு முதல் மாடி ஏறவே நாக்குத் தள்ளுது. ஏன்னா, தொப்பை. ஏன்னா, படிக்கட்டு இருட்டுல எனக்குப் பயம். ஏன்னா, மாமா சொன்னது அத்தனையும் நிஜம்."

மறுபடியும் சிரிப்பு. ஜெயித்த குஷியில் தலைவருக்கு மனசு இளகிவிட்டது. "உங்களுக்காகவாவது பண்ணிடறேன் சார், அழாதீங்க" என்றார். அழாதீங்க என்பதை மைக்கை வாங்கிச் சொன்னார்.

சொன்னபடி செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கீழே நின்றிருந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மடிசார் புடவையில் ஒல்லியாக ஓர் அம்மாள் வெளியே வந்தார். அந்தக் குரலுக்கு நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த உருவத்தில் பாதிகூட இல்லை. மாமா ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடினார்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்துப்போனவர் நீங்கதானே?"

"நானேதான் மாமி."

"உங்களைப் பத்தித்தான் ஆத்துல ஓயாம பேச்சு. உங்களை அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம்."

நான் சட்டென்று வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். "ஏன்னு ஏதாவது சொன்னாரா மாமி?"

"அதான் எனக்கும் ஆச்சரியம்" என்றார் மாமி. "கேட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் சொல்லத் தெரியலே அவருக்கு."

ஆட்டோ வந்தது. மாமா மாமியைப் பூப்போல ஏற்றி உட்கார வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையாட்டினார். அந்த மனுஷர் என் மானத்தை வாங்கட்டும், இன்னும் நூறு தேர்தலில் என்னைக் கவிழ்க்கட்டும். எனக்கு அவரைப் பிடிக்கும், அவ்வளவுதான்.