டெல்லூரியமும் என் ஐயப்ப விரதமும்

விரதம் இருப்பதைவிட, இருக்கிறேன் என்று நாலு பேருக்குக் காட்டிக்கொள்வதில்தான் எனக்கு அப்போது பக்தி அதிகம். ஐயப்பனிடமே ஒப்புக்கொண்டுவிட்டேன்; உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். (படிப்பு எட்டாவது. வெள்ளைக் கோட்டு போட்டு நின்றால் யாருக்குத் தெரியும்?) ஜெர்மேனியம், டெல்லூரியம் என்ற இரண்டு தனிமங்களைக் குழாயில் அடைத்து, உலையில் வைத்து உருக்குவார்கள். ஆறியதும் கிடைக்கும் பளபளப்பான கட்டியைக் கல்வத்தில் போட்டு மாவாக அரைப்பது என் வேலை.

மஞ்சள் காமாலையிலிருந்து என் மகள் பிழைத்தெழுந்ததற்கான வேண்டுதலாக, அந்தக் கார்த்திகையில் மாலை போட்டிருந்தேன். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று உத்தரவு. ஆராய்ச்சிக்கூடத்து முகமூடியோ பலபேர் மாட்டியது. எச்சில் பட்டதை விரதக்காரன் தொடலாமா?

"சாமி, மாஸ்க் போட்டுக்கோங்க" என்றார் ஆராய்ச்சி மாணவி சுமா மேடம்.

"ஐயன் பாத்துப்பார் மேடம்" என்று மூன்று நாள் அப்படியே அரைத்தேன். மூக்கில் கொஞ்சம் தூள் ஏறியது. விபூதி மாதிரிதானே என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் என் மனைவி சரோஜா நான்கடி தள்ளி நின்றாள்.

"சாமி, வெளியில ஏதாவது சாப்டீங்களா? பூண்டு நாத்தம் வருது."

"நீ எனக்குத் தெரியாம சமைச்சிருப்ப."

"பூண்டக் கண்ணால பாத்தே இருபது நாளாச்சு. நாத்தம் உங்க வாயிலதான்."

அன்று மாலை எங்கள் பேட்டையான ஆடுகோடியில் பஜனை. நான் 'சாமியே' என்று வாயைத் திறந்ததும், முன்வரிசை 'சரணம்' சொல்ல மறந்தது. குருசாமி ஜால்ராவைக் கீழே வைத்தார்.

"எந்த ஓட்டல் சாமி?"

"ஐயப்பன்மேல சத்தியமா எதுவும் சாப்பிடல."

"அந்த வாயாலயே சத்தியம் வேறயா? ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இருமுடி கட்டமாட்டேன்."

மகளின் வேண்டுதலாயிற்றே. மூன்று முறை தலைக்குக் குளித்தேன். துளசியை மாடு மாதிரி மென்றேன். பூண்டோடு துளசியும் சேர்ந்து, நடமாடும் கஷாயமானேன். மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் அழாத குறையாகச் சொன்னபோது சுமா மேடம் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் டாக்டரிடம் காட்டினார். பிறகு குருசாமியைப் பார்க்க நேராக ஆடுகோடிக்கு வந்தார்.

"டெல்லூரியம் உள்ள போனா இப்படித்தான் வாசனை வரும் சார். வேர்வையில கூட வரும். போறதுக்கு வாரக்கணக்கா ஆகும்."

"அப்போ இவர் பூண்டு சாப்பிடல?"

"இல்ல சார். சொன்ன பேச்சக் கேக்கல, அவ்வளவுதான்."

குருசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, எனக்கு இருமுடி கட்டினார்.

சன்னிதானத்தில் எள் போட இடமில்லை. என்னைச் சுற்றி மட்டும் ஒரு முழம் காலியாக இருந்தது. யாரும் இடிக்காமல், கண்நிறைய ஐயனைப் பார்த்தேன். மகளுக்காக நன்றி சொன்னேன். அடுத்தவர் மூச்சுப்பட்ட முகமூடியைத் தீட்டு என்று நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன் (வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள்).

இன்றைக்கும் ரசம் வைக்கும்போது பூண்டு தீர்ந்துபோனால் சரோஜா கடைக்கு யாரையும் அனுப்பமாட்டாள். "ஏங்க, அடுப்புப் பக்கம் வந்து ரெண்டு சரணம் சொல்லிட்டுப் போங்க" என்பாள்.