எழுந்து நின்ற மூன்று ஏக்கர்

"விழுந்துடுச்சுன்னு சொல்ல நம்பர் குடுத்திருக்கான். எழுந்துடுச்சுன்னா எந்த நம்பர்?" என்று கேட்டார் அவர், காப்பீட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

எதையும் யோசிக்காமல் செய்துவிடுவதால் அவருக்கு 'உடனடி' என்று பெயர். அரை ஏக்கர் சூரியகாந்திக்கு மேல் துணியாதவர், இந்தமுறை பயிர்க் காப்பீடு இருக்கிற தைரியத்தில் மூன்று ஏக்கரும் விதைத்திருந்தார். மொட்டு விடும் நேரத்தில் சூறைக்காற்று அடித்து மொத்தத்தையும் படுக்கப் போட்டுவிட்டது. உடனடி உடனே போன் போட்டு, எல்லாம் போச்சு என்று பதிந்துவிட்டார்.

நான்காம் நாள் போய்ப் பார்த்தால், செடிகள் ஒவ்வொன்றாகத் தலைநிமிர்ந்து எழுந்துகொண்டிருந்தன. அவருக்குப் புல்லரித்தது. கூடவே பயமும் பிடித்துக்கொள்ள, வீட்டுக்கு ஓடினார்.

"பொய் சொன்னேன்னு பிடிச்சிட்டுப் போயிட்டா?"

"அதே நம்பருக்குச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

சொன்னார். "அம்மா, என் பயிர் எழுந்துடுச்சும்மா!"

"எரிஞ்சுடுச்சா? அடப்பாவமே! பதிஞ்சுக்கிட்டேங்க," என்றாள் மறுமுனையில் காப்பீட்டு ஆபீஸ் பெண்.

லைன் போய்விட்டது. புகாரில் காற்றோடு இப்போது தீயும் சேர்ந்துகொண்டது.

"போட்டோ அனுப்புங்க. கண்ணால பாத்தா தப்பு வராது," என்றாள் மனைவி.

அவசரத்தில், பயிர் படுத்துக் கிடந்த அன்று எடுத்த படத்தை அனுப்பித் தொலைத்தார். 'உங்கள் மூன்றாவது புகார் ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது.

பூவெல்லாம் விரிந்த அன்று, பொறுக்கமாட்டாமல் மறுபடி கூப்பிட்டுக் கத்தினார்.

"காத்து தள்ளிச்சு, படுத்துச்சு, யாரும் கை வைக்கல, தானா எழுந்து நிக்குது! அத்தனையும் பூத்திருக்கு! எனக்கு நஷ்டஈடே வேணாம், விட்டுடுங்கம்மா!"

மறுமுனையில் யார் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க வயலுக்கு எப்படி வரணும், வழி சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

"வழி எதுக்குடி கேக்கறா?"

"ஆள் அனுப்பத்தான்," என்றாள் மனைவி. அத்தோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு வேன் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். உடனடி கைகூப்பிக்கொண்டே ஓடினார்.

"ஐயா, நான் ஏமாத்தணும்னு செய்யல..."

யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று ஏக்கரும் ஆளுயரத்துக்கு மஞ்சளாய்ப் பூத்து நின்றது. விழுந்ததற்கு அடையாளமாக அடித்தண்டில் ஒரு வளைவு மட்டும் இருந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி அந்த வளைவை விரலால் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடனடி மெல்லப் பின்வாங்கினார். வேனோரம் நின்ற டிரைவரிடம் போனார்.

"என்ன தண்டனைன்னு நீயாவது சொல்லுப்பா."

டிரைவர் வயலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"உங்க புகாரையெல்லாம் முந்தாநாளே மூடிட்டாங்கண்ணே. இன்னிக்கு ஆபீஸ் லீவு. இத்தனை வருஷமா அழிஞ்ச வயலையே பாத்தவங்க, எழுந்த வயலை ஒரு தடவையாவது பாத்துடணும்னு கைக்காசு போட்டு வேன் பிடிச்சு வந்திருக்காங்க."