முடிச்சு நைனாவின் இறால் வலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். என் கையெழுத்து, ஆடுகிற படகில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ன' போடுவது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பத்திரிகைக்காரர்கள் பொறுமையாகத் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

உலகத்தில் உள்ள முடிச்சுகள் எல்லாம் தன் பொறுப்பு என்று நினைத்து வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். அவர் எண்ணூர் ஆற்றங்கரையில், எங்கள் குப்பத்தில் இருந்தார். பெயர் முடிச்சு நைனா. அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தது.

ரேஷன் கடையில் சாக்கு வாய் சரியாகக் கட்டப்படவில்லை என்றால், அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் அரிசி வாங்குவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும் முன்வரிசையில் இருந்து சத்தம் போட்டார்.

"இன்னாபா மாப்ள, கரும்புக் கட்டா கட்டிக்கினு கீறே? ரெண்டாவது முடிச்சு லூசா கீது!"

பெண்ணின் அப்பா அடிக்கக் கிளம்பிவிட்டார். பெண்ணின் அம்மா மட்டும் மருமகனிடம், "பெரியவரு சொல்றாரில்ல, இஸ்து கட்டு" என்றாள்.

ஒருமுறை சிப்பி கிழித்து, கால் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், "ஊசிய இப்டி குடும்மா, நானே போட்டுக்கறேன். நீ போடறது ரெண்டு நாள் தாங்காது" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் வந்தது.

ஆறு தூர்ந்துவிட்டது, மீன் செத்து மிதக்கிறது, தூர்வாரித் தாருங்கள் என்று நாங்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறு தூர்வாரப்படவில்லை. யாரோ ஒரு கம்பெனியின் செலவில் கிராமியக் கைவினைத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவர்களில் நீலக் கடலும் சிரிக்கிற மீனும் வரைந்தார்கள். ஆற்றில் இல்லாத மீன் எல்லாம் எங்கள் சுவரில் இருந்தது. பிறகு நாங்கள் வலை பின்னும் கூடத்துக்கு வர்ணம் அடித்து, 'கைவினை மையம்' என்று பலகை மாட்டிப் பூட்டுப் போட்டார்கள். குப்பத்தில் வலையோடு நிழலில் உட்கார இருந்த இடம் அது ஒன்றுதான். இனிமேல் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம்.

ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்து வலை தைத்த நைனா, எட்டாம் நாள் போய்ப் பெயர் கொடுத்தார். படிவத்தில் 'உங்கள் வேலைப்பாடு' என்று ஒரு இடம். அவருக்கு எழுதத் தெரியாது. என்னைத்தான் எழுதச் சொன்னார்.

"இன்னா எழுதறது நைனா?"

"என் இறால் வலைன்னு எய்து. வேலப்பாடுன்னா நெழல்ல குந்தி தைக்கலாம்ல?"

எழுதினேன். கையெழுத்துக்குப் பதில் அவர் கட்டைவிரலை வைத்தார்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் நல்ல பெண். எங்களைப் பார்த்தால் அண்ணா, ஐயா என்றுதான் பேசும். செல்போனைப் பார்த்து, சுவரில் தொங்கவிடும் அலங்காரத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தது. நைனா ஒரு மூலையில் தன் வலையைத் தைத்தபடி, அந்த முடிச்சை இரண்டு விரலால் தட்டினார். அவிழ்ந்து விழுந்தது.

"இத்த மாட்னா காத்தடிச்சா தலைல வுயும் மேடம்."

"ஐயா, இது அழகுக்கு."

"அயகா? அவுராம இருக்கறதுதான் மேடம் அயகு."

மூன்று மாதம் முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். நைனாவுக்கு 'தொடக்க நிலை' என்று போட்டிருந்தது. நான் வாசித்துக்காட்டியதும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அறுவது வயசுல தொடங்கிக்கீறேன் மாமு!" என்று குப்பம் முழுக்கக் காட்டினார்.

அத்தோடு சிரிப்பு முடிந்தது. மறுவாரம் பட்டணத்தில் கண்காட்சி. படிவத்தில் எழுதியிருந்த வேலைப்பாடுகளை எல்லாம் வேனில் ஏற்றினார்கள். நைனா அப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போயிருந்தார். மேடம் மையத்தின் மூலையில் இருந்த அவருடைய இறால் வலையைக் காட்டி, "ஒரு கை பிடிங்கண்ணா" என்றது. அது வேலைக்கான வலை என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. எனக்கு வெளியாட்கள் முன்னால் எப்போதும் வராது. பிடித்து ஏற்றிவிட்டேன்.

மழை விட்டு இறால் வரும் நேரம். அவரிடம் இருந்தது அந்த ஒரே வலை. வலை கண்காட்சியில் இருந்து திரும்பவில்லை. விசாரித்தால், கம்பெனி ஆபீசில் மாட்டியிருக்கிறது என்றார்கள். நைனா என்னைத் திட்டவில்லை. "உனுக்கு எய்தத் தெரியுமே, ஒரு மனு எய்து" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இருவரும் கிளம்பினோம்.

ஆபீஸ் வாசலைத் தாண்டியதுமே ஏசி குளிர். எதிர்ச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வலையை விரித்திருந்தார்கள். கீழே நைனாவின் பெயர் இல்லை. 'கிராமியக் கலை' என்று மட்டும் இருந்தது. நைனா கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தார்.

"நாலாவது கண்ணி அறுந்துகீது. மாட்டத் தெரியாதவன் மாட்டிக்கீறான்."

ஒரு அதிகாரி வந்தார். "பெரியவரே, பெருமையா இல்ல?" என்றார். நைனா என்னைப் பார்த்தார். நான் பேசவேண்டிய நேரம். மேசையில் அந்த அதிகாரி எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் முத்து. என் பையில் இருந்த மனுவை நினைத்தேன். அதை எடுத்து நீட்டக் கை வரவில்லை. அவர் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா மாட்டிகீறீங்க சார்" என்றேன்.

அந்தப் பருவம் முழுக்க நைனா பிறர் படகில் கூலிக்குத்தான் போனார். அதற்கடுத்த பருவமும் அப்படியே. கண்காட்சிக்குப் பிறகு கைவினை மையத்துக்குப் போட்ட பூட்டு துருப்பிடித்துவிட்டது, இன்னும் திறக்கவில்லை. நைனா போன ஆடியில் இறந்துபோனார். பாடையில் கயிறு கட்டியபோது, எங்கே எழுந்து திட்டுவாரோ என்று எல்லாரும் பயந்து பயந்து கட்டினோம்.

ஆபீசுக்குப் போன அன்று, பட்டணத்தில் இருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் நைனா என் மடியில் இருந்த துணிப்பையை எடுத்தார். வாயை நான் அரைகுறையாகக் கட்டியிருந்தேன். அவிழ்த்து, மனுவை வெளியே எடுக்காமல், தன் முடிச்சு ஒன்றைப் போட்டு, இறங்கும்போது என்னிடம் கொடுத்தார்.

"இது அவுராது. அயுவாத, வா."

அந்தப் பை எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் மனுவை இங்கே புதிதாக எழுதினேன்.

புரட்டாசி 10, ஞாயிற்றுக்கிழமை.